மாதம் 429 ராண்டு கட்டி லேப்டாப் வாங்கலாமா?

கேள்வி: ஐயா, நாங்கள் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். வீட்டுக்காரர் ஓய்வு பெற்றுவிட்டார். நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். பத்தாம் வகுப்புப் பேத்தியின் பள்ளி வேலைக்கும், வருமான வரிக் கணக்கு அனுப்பவும், ஜோஹானஸ்பர்க்கில் இருக்கும் மகனோடு வீடியோவில் பேசவும் ஒரு லேப்டாப் வேண்டும். கடையில் 7,999 ராண்டு விலையுள்ள புது லேப்டாப்பை மாதம் 429 ராண்டு வீதம் 36 மாதம் கட்டி எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். சேமிப்பில் 4,500 ராண்டு இருக்கிறது. அதைத் தொடாமல் தவணையில் எடுத்துவிடலாமா?

பதில்: அம்மா, முதலில் பெருக்கிப் பார்த்துவிடுவோம். 429 வீதம் 36 மாதம் என்றால் 15,444 ராண்டு. விலையோ 7,999. மேற்கொண்டு 7,445 ராண்டு கட்டுகிறீர்கள். ஏறக்குறைய இன்னொரு லேப்டாப்பின் விலை அது.

இவ்வளவும் வட்டி என்று நினைக்காதீர்கள். மாத சேவைக் கட்டணமாக வாட் சேர்த்து 69 ராண்டு வரை வாங்கக் கடன் சட்டம் இடம் தருகிறது. முழுசாக வாங்கினால் 36 மாதத்தில் அதுவே 2,484 ராண்டு. ஒப்பந்தம் போடும்போது ஒரு தொடக்கக் கட்டணம் வேறு. அப்புறம் கடன் காப்பீடு. கடனில் 1,000 ராண்டுக்கு மாதம் 4.50 ராண்டு வரை அதற்குப் பிடிக்கலாம். லேப்டாப் திருடு போனால் இந்தக் காப்பீடு பணம் தரும் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். தராது. கடன் வாங்கியவர் இறந்துபோனாலோ உடல் முடியாமல் போனாலோ மிச்சக் கடனை அடைப்பதுதான் அதன் வேலை. உங்களிடம் ஏற்கெனவே பொருத்தமான ஆயுள் காப்பீடு இருந்தால், அதையே காட்டுகிறேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. கடைக்காரர் இதைத் தானாகச் சொல்ல மாட்டார்.

கடையில் நின்றபடியே கையெழுத்துப் போடாதீர்கள். மொத்தக் கணக்கையும் எழுதிய விலைத்தாளைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். அதில் உள்ள கணக்கு ஐந்து வேலை நாள் வரை செல்லும். ‘இன்றைக்கு மட்டும்தான் இந்த விலை’ என்ற பேச்சுக்கு மசிய வேண்டாம்.

சரி, எந்த லேப்டாப்? கடைக்காரர் காட்டிய மாடலை நீங்கள் எழுதவில்லை, அதனால் உள்ளே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பிடம் என்றால் வேண்டவே வேண்டாம். விண்டோஸ் 11 ஓடுவதற்கான குறைந்தபட்ச அளவே அதுதான். ராம் என்பது உங்கள் தையல் மேசையின் அகலம் மாதிரி. மேசை குறுகலாக இருந்தால் துணியை விரித்து வெட்ட முடியாது, எடுத்து எடுத்து வைக்கத்தான் நேரம் போகும். 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பிடம்) இருந்தால் நீங்கள் சொன்ன எல்லா வேலைக்கும் போதும்.

என்னைக் கேட்டால் புதுசே தேவையில்லை. கம்பெனிகள் சில வருடம் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த டெல் லாட்டிட்யூட், எச்பி எலீட்புக், லெனோவோ திங்க்பேட் போன்றவற்றைச் சரிபார்த்து விற்கும் கடைகள் இருக்கின்றன. மலிவான புது லேப்டாப்பைவிட இவற்றின் கட்டுமானம் உறுதியானது, கீபோர்டும் நல்லது. உங்கள் 4,500 ராண்டுக்குப் பக்கத்திலேயே தேடலாம். ஒன்றை மட்டும் விடாமல் பாருங்கள்: உள்ளே இருக்கும் சிப் இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருக்க வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14 அன்று நின்றுவிட்டது. அதனால் விண்டோஸ் 11தான் வேண்டும், எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் சிப்களை அது பொதுவாக ஏற்பதில்லை. பழைய லேப்டாப்பில் பேட்டரி தளர்ந்திருக்கும். கரன்ட் போனால் எவ்வளவு நேரம் தாங்கும் என்று கடையிலேயே சார்ஜரைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள்.

ரசீது போட்டு விற்கும் கடையில் வாங்குங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால் சரிசெய்து தரவோ, மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ கேட்கலாம், மூன்றில் எது என்பது உங்கள் விருப்பம். பழைய பொருளுக்கும் இது உண்டு. ஆனால் இன்ன குறை இருக்கிறது என்று முன்கூட்டியே தெளிவாகச் சொல்லி, நீங்களும் சம்மதித்து வாங்கியிருந்தால் அந்தக் குறைக்குக் கேட்க முடியாது. ஃபேஸ்புக்கில் யாரோ தனி ஆள் விற்பதை வாங்கினால் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

சேமிப்பு முழுவதையும் எடுக்க மனம் வராது, அது நியாயம்தான். அப்படியானால் லே-பை தரும் கடையைத் தேடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி, முடிந்ததும் எடுத்துக்கொள்வது. வட்டி இல்லை. அதே 429 ராண்டை மாதாமாதம் கட்டினால் 4,500 ராண்டு லேப்டாப் பதினோராவது மாதம் கைக்கு வந்துவிடும். சேமிப்பில் 2,000 போட்டுத் தொடங்கினால் ஆறே மாதம். பேத்திக்கு அவசரம் என்றால் 4,500ஐயே எடுங்கள், பிறகு அந்த 429ஐ மாதாமாதம் சேமிப்பில் திருப்பிப் போடுங்கள்.

வாங்கிய பிறகு ஆன்டிவைரஸ், ஆபிஸ் என்று தனியாகப் பணம் கொடுக்காதீர்கள். விண்டோஸிலேயே டிஃபெண்டர் இருக்கிறது. பள்ளி வேலைக்கு கூகுள் டாக்ஸோ லிப்ரே ஆபிஸோ போதும், இரண்டும் இலவசம். போன் ஹாட்ஸ்பாட்டில் இணைப்பதாக இருந்தால், அந்த இணைப்பை ‘மீட்டர்டு’ (டேட்டாவை அளந்து செலவழிக்கும் இணைப்பு) என்று மாற்றிவிடச் சொல்லுங்கள், பேத்திக்கே தெரிந்திருக்கும். இல்லாவிட்டால் விண்டோஸ் புதுப்பிப்பே டேட்டாவைக் குடித்துவிடும். வீட்டுப் பொருள் காப்பீடு வைத்திருக்கிறீர்களா? பேத்தி லேப்டாப்பைப் பள்ளிக்கு எடுத்துப் போவாள் என்றால் வெளியே கொண்டுபோகும் பொருள்களுக்கான ‘ஆல் ரிஸ்க்ஸ்’ பிரிவில் அதைத் தனியாகக் குறிப்பிடச் சொல்லி, அதற்கு எவ்வளவு கூடும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.