மருந்தாளுநர் படிப்பு: பணம் கட்டறதுக்கு முன்னாடி கேட்டுப்போடுங்க

பன்னெண்டாவது ரிசல்ட் வந்ததுமே கேள்வி குவிய ஆரம்பிச்சிருச்சு. ஈரோட்டுல ரொம்ப காலம் மருந்துக்கடை, அப்புறம் கல்லூரியில பாடம் எடுத்தது, ரெண்டு பக்கமும் பார்த்தவன்ங்கறதால என்கிட்ட தள்ளிவிட்டுட்டாங்க. ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கேன்.

கோபியிலிருந்து ஓர் அம்மா: புள்ளைக்கு நீட்டுல மார்க் பத்தலைங்க. டி.பார்ம், பி.பார்ம், பார்ம்.டின்னு மூணு சொல்றாங்க. எதுல சேர்த்தறதுங்க அண்ணா?

டி.பார்ம்ங்கறது டிப்ளமோ, ரெண்டு வருசம், அதுக்கு மேல ஆஸ்பத்திரியிலயோ மருந்துக்கடையிலயோ 500 மணி நேரப் பயிற்சி. பி.பார்ம் பட்டப்படிப்பு, நாலு வருசம். பார்ம்.டி ஆறு வருசம். கடைசி வருசம் முழுக்க ஆஸ்பத்திரியில பயிற்சி. இது 2008ல வந்த படிப்பு. எதுக்குமே நீட் வேண்டியதில்லை. பன்னெண்டாவதுல இயற்பியல், வேதியியலோட உயிரியலோ கணக்கோ இருந்தாப் போதுமுங்க.

மூணுல எதை முடிச்சாலும் (டி.பார்ம்னா வெளியேறும் தேர்வும் எழுதி, அதைப் பின்னாடி சொல்றேன்) தமிழ்நாடு பார்மசி கவுன்சில்ல பதிவு பண்ணலாம், மருந்துக்கடை கவுண்டர்ல நிக்கலாம். அந்த உரிமையில ஏத்த இறக்கம் கிடையாது. மத்த வேலைகள்லதான் வித்தியாசம் வரும். மருந்துக் கம்பெனி, தர ஆய்வு, டிரக் இன்ஸ்பெக்டர் வேலைன்னா பட்டம் வேணும். புள்ளைக்கு ஆஸ்பத்திரி வார்டுல நோயாளி பக்கத்துல வேலை செய்யத்தான் ஆசைன்னா பார்ம்.டி. சொந்தமாக் கடை போடறது மட்டும்தான் எண்ணம்னா டி.பார்ம் போதும். பின்னாடி மனசு மாறினா பி.பார்ம் ரெண்டாம் வருசத்துல நேராச் சேர்ந்துக்கலாம்.

அரசுக் கட்டணத்துல பி.பார்ம் படிக்கணும்னா சென்னை, மதுரை மருத்துவக் கல்லூரிகள்ல இருக்குது, அதுக்கும் கட்டாயம் விண்ணப்பம் போடுங்க. நம்ம பக்கம் கோயமுத்தூர், ஈரோடு, குமாரபாளையம், திருச்செங்கோடுன்னு கல்லூரிக்குக் குறைவில்லை, ஆனா தனியார்தான்.

பவானியிலிருந்து ஒரு அப்பா: நான் தறி ஓட்டறவனுங்க. கல்லூரி நோட்டீசுல 'ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம்'னு பெருசாப் போட்டிருக்காங்க. அது போதுமா?

போதாதுங்க. அது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு. நீங்க கேட்க வேண்டியது பி.சி.ஐ., அதாவது இந்திய பார்மசி கவுன்சில். 1948ல வந்த பார்மசி சட்டத்துல 12ஆம் பிரிவுன்னு ஒண்ணு. படிப்புக்கு ஒரு ஒப்புதல், அந்தப் படிப்போட பரிட்சைக்குத் தனியா ஒரு ஒப்புதல். ரெண்டும் இருக்கற கல்லூரியில படிச்சாத்தான் பதிவுக்கு வழி.

இந்த ரெண்டு அமைப்புக்கும் நடுவுல ரொம்ப காலம் பங்காளிச் சண்டை. இந்த ஆபீஸ் 60 சீட்டுன்னா அந்த ஆபீஸ் வேற எண்ணிக்கை சொல்லும், கல்லூரிக்காரங்க எது தோதோ அதைப் புடிச்சுக்குவாங்க. 2020 மார்ச்சுல உச்ச நீதிமன்றம் முடிவு சொல்லிருச்சு: பார்மசிக்குன்னே போட்ட தனிச்சட்டம் இருக்கறப்ப அதுதான் செல்லும், அதனால பார்மசி படிப்புல பி.சி.ஐ. வச்சதுதான் சட்டம். நோட்டீசை மடிச்சு வச்சுட்டு பி.சி.ஐ. இணையதளத்துல கல்லூரிப் பட்டியலைப் பாருங்க. எந்தப் படிப்பு, எத்தனை சீட்டு, எந்தக் கல்வியாண்டு வரைக்கும்னு மூணையும் பாருங்க. ஒரு கல்லூரிக்கு டி.பார்ம் ஒப்புதல் இருக்கும், பி.பார்முக்கு இருக்காது.

திருப்பூரிலிருந்து ஒரு தம்பி: பனியன் கம்பெனியில வேலைங்க. வெளி மாநிலத்துல டி.பார்ம், பரிட்சைக்கு மட்டும் போனாப் போதும், சர்டிபிகேட் கையில தர்றோம்னு ஏஜெண்ட் சொல்றார். நம்பலாமுங்களா?

வேண்டாம் தம்பி. வெளி மாநிலத்துல படிக்கறது தப்பில்லை. முறையாப் படிச்சவங்க இங்க வந்து பதிவு பண்ணிக்கறாங்க. போகாம படிக்கறதுதான் தப்பு. வகுப்புக்கும் லேபுக்கும் 75 சதவீதம் வருகை கட்டாயம். அஞ்சல் வழி டி.பார்ம்னு ஒண்ணு இந்த நாட்டுலயே இல்லை.

பதிவுக்குப் போறப்ப கவுன்சில் அந்தக் கல்லூரிக்கும் தேர்வு வாரியத்துக்கும் எழுதி உண்மையான்னு கேக்கும். நீங்க திருப்பூர் கம்பெனியில பி.எஃப். கட்டிட்டு இருந்த அதே மாசத்துல ஆயிரம் மைல் தள்ளி லேபுல இருந்ததா வருகைப் பதிவு சொன்னா என்னாகும்னு யோசிங்க. அப்ப ஏஜெண்ட் போனை எடுக்க மாட்டார். போலி ஆவணம்னு வழக்கு உங்க பேருலதான் விழும்.

சேலத்திலிருந்து டி.பார்ம் மாணவி: வெளியேறும் தேர்வுன்னு ஒண்ணு வச்சிருக்காங்களே, படிச்சு முடிச்ச பொறகு எதுக்குங்க சார் இன்னொரு பரிட்சை?

2022ல விதி வந்துச்சு, 2024 அக்டோபர்ல முதல் தேர்வு நடந்துச்சு. டி.பார்ம் முடிச்சவங்க பதிவுக்கு முன்னாடி எழுதற தேர்வு. மூணு தாள், கொள்குறி வினா, ஆங்கிலத்துல. ஒவ்வொரு தாள்லயும் 50 சதவீதம் வாங்கணும். தவறினா மறுபடி எழுதலாம்.

எதுக்குன்னு கேட்டீங்க. மேல திருப்பூர்த் தம்பி கேட்ட கேள்விதான் காரணம். வகுப்புக்கே போகாதவனும் நீங்களும் ஒரே சர்டிபிகேட்டோட வந்து நிக்கறீங்க. கவுன்சில் எப்படிப் பிரிச்சுப் பார்க்கும்? ஒழுங்காப் படிச்ச புள்ளைகளுக்கு இது அலைச்சல்தான், நான் மறுக்கலை. ஆனா கல்லூரிகளைச் சரியா ஆய்வு பண்ணியிருந்தா இந்தத் தேர்வே தேவைப்பட்டிருக்காதுங்கறதையும் சொல்லணும். கல்லூரிகளைக் கேக்க வேண்டிய கேள்வியை உங்ககிட்ட கேக்கறாங்க. மருந்தியலையும் மருந்துச் சட்டத்தையும் நல்லாப் பாருங்க கண்ணு.

பெருந்துறையிலிருந்து ஒரு கடைக்காரர்: நேரடியாவே கேக்கறனுங்க. சுத்துப்பட்டுல பாதிக் கடையில சர்டிபிகேட் வேற ஒருத்தரோடதுதான். மாசம் ஒரு தொகை குடுத்தறோம், ஃபிரேம் போட்டு மாட்டிக்கறோம். இதுல என்ன குடி முழுகிப் போச்சு?

நேரடியாக் கேட்டதுக்குச் சந்தோசம். 1945ஆம் வருச மருந்து விதிகள்ல 65ஆவது விதி, டாக்டர் சீட்டுக்கு மருந்து குடுக்கறதுன்னா பதிவு பெற்ற மருந்தாளுநர் குடுக்கணும், இல்லை அவர் நேர்ல நின்னு பார்க்கக் குடுக்கணும்ங்குது. பார்மசி சட்டம் 42ஆம் பிரிவுப்படி மத்தவங்க குடுக்கறது தண்டனைக்குரிய குற்றம். ஃபிரேமுக்குள்ள இருக்கற போட்டோ மேற்பார்வை பண்ணாதுங்க. சர்டிபிகேட் குடுத்தவருக்கும் தப்பிக்க வழியில்லை, பதிவேட்டுல இருந்து பேரையே எடுத்துப்போட கவுன்சிலுக்கு அதிகாரம் இருக்குது.

சட்டம் கிடக்கட்டும், கவுண்டருக்கு வாங்க. மூட்டு வாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட்னு ஒரு மாத்திரை. வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் போடணும். கூடவே ஃபோலிக் அமிலம் வேற நாள்ல போடச் சொல்லி டாக்டர் எழுதுவார். பார்க்கறதுக்கு ரெண்டுமே சின்ன மஞ்ச மாத்திரை. கவுண்டர்ல நிக்கற பையன் பழக்கதோசத்துல உறைமேல 'காலை 1, இரவு 1'னு எழுதிப்போட்டான்னா அந்தப் பாட்டி தெனமும் போட்டுருவாங்க. கொஞ்ச நாள்ல வாயெல்லாம் புண்ணு, சோறு எறங்காது. வெள்ளணு எறங்கி, ரத்தம் உறையற தட்டணுவும் எறங்கி உயிருக்கே ஆபத்தாயிரும். இது உலகம் பூராத் திரும்பத் திரும்ப நடந்த தப்பு. நான் இருந்த பக்கத்துலயும் ஒரு கடையில நடந்துச்சு, நல்லவேளை பேத்தி மூணாம் நாளே சந்தேகப்பட்டுச் சீட்டை எடுத்துட்டு ஓடியாந்தா. படிச்சவன் கவுண்டர்ல இருந்தா அந்தப் பேரைப் பார்த்ததும் கை நின்னுரும். 'எந்தக் கெழமை போடறீங்க பாட்டி?'ன்னு கேப்பான். நாலு வருசம் படிக்கறது அந்த ஒரு கேள்விக்குத்தாங்க.

இன்னொண்ணு, ஹெச்1 பட்டியல் மருந்து, டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாத வகை. செஃபிக்சிம், அல்பிரசோலம் மாதிரி. யார் எழுதினது, யாருக்கு, எத்தனைன்னு தனிப் பதிவேட்டுல எழுதி மூணு வருசம் வச்சிருக்கணும். உங்க கடையில அந்த நோட்டு எங்க இருக்குதுன்னு ஒருக்கா எடுத்துப் பாருங்க. 'ஜொரத்துக்கு ஒரு செட் மாத்திரை' குடுக்கற கடைகள்ல அந்த நோட்டு புதுசாவே இருக்கும்.

தாராபுரத்திலிருந்து பி.பார்ம் பட்டதாரி: இதுக்கு நான் பதில் சொல்லோணும் அண்ணா. கடையில முழுநேரம் நின்னாத் தர்ற சம்பளம் எங்கூர்ல சூப்பர்வைசருக்குத் தர்றதை விடக் கம்மி. சர்டிபிகேட்டைக் குடுத்துட்டு வேற வேலைக்குப் போனா ரெண்டு வருமானம். யாருதான் நிப்பாங்க?

நியாயமான கோபம் மாப்ளே. முழுநேர ஆளுக்குக் குடுக்க வேண்டிய சம்பளத்தைக் குடுக்காம கடைக்காரர் ஃபிரேமுக்கு வாடகை தர்றார். வாடகைக்குச் சர்டிபிகேட் கிடைக்கற வரைக்கும் நிக்கறவனுக்குச் சம்பளம் ஏறாது. அந்தச் சந்தையைக் கெடுக்கறது நம்ம ஆளுகளும்தான். பெரிய சங்கிலிக் கடைகளும் ஆஸ்பத்திரிகளும் ஆளை நிக்க வைக்கறாங்க, அங்க முயற்சி பண்ணுங்க. அரசு மருந்தாளுநர் வேலைக்கு எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) அறிவிப்பு வர்றப்ப விட்டுறாதீங்க. அதுவரைக்கும் உங்க பேருல எந்தக் கடை லைசென்சும் ஓடவேண்டாம். கடைக்காரர் செஞ்ச தப்புக்கு நீங்க கோர்ட்டு ஏற வேண்டி வரும்.

குமாரபாளையத்திலிருந்து ஒரு கல்லூரி ஆசிரியர்: புதுக் கல்லூரிக்குத் தடைன்னாங்க, அப்புறம் தடை இல்லைன்னாங்க. என்னதான் ஆச்சுங்க ஐயா?

2019ல பி.சி.ஐ. ஒரு தீர்மானம் போட்டுச்சு: 2020-21லிருந்து அஞ்சு வருசத்துக்குப் புது டி.பார்ம், பி.பார்ம் கல்லூரி வேண்டாம்னு. கல்லூரி கட்டக் காத்திருந்தவங்க டெல்லி, கர்நாடகா, சத்தீஸ்கர் உயர் நீதிமன்றங்களுக்குப் போய் ஜெயிச்சாங்க. 2022 செப்டம்பர்ல உச்ச நீதிமன்றமும் அதையே சொல்லிருச்சு. கல்வி நிறுவனம் தொடங்கறது அடிப்படை உரிமை, அதைக் கட்டுப்படுத்தணும்னா முறையான சட்டம் வேணும், வெறும் தீர்மானத்தால முடியாதுன்னு.

தடையோட நோக்கம் சரி, போன வழி தப்புன்னு நான் நினைக்கறேன். கல்லூரி கூடறதுல எனக்குப் பயமில்லை; ஆசிரியர் கூடாம கல்லூரி மட்டும் கூடறதுலதான். ஆய்வுக்கு ஆள் வர்ற அன்னைக்கு மட்டும் தலை காட்டற பேராசிரியர்களை உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 2023 நவம்பர்ல பி.சி.ஐ.க்குப் பதிலா தேசிய பார்மசி ஆணையம்னு ஒரு வரைவு மசோதாவை மத்திய அரசு வெளியிட்டுச்சு. பலகை மாத்தறது சுலபம். லேபுல ஆள் இருக்காங்களான்னு பார்க்கறது எந்த ஆணையம் வந்தாலும் அதே வேலைதான்.

நாமக்கல்லிலிருந்து: கோழிப்பண்ணை மருந்து, மாட்டு மருந்து விக்கறதுக்கும் லைசென்ஸ் வேணுமா?

வேணுமுங்க. மருந்து மாட்டுக்கானாலும் மருந்துதான். லேபிள்ல 'மனித உபயோகத்துக்கு அல்ல'ன்னு எழுதி ஒரு கால்நடைத் தலை படம் போட்டிருக்கும், பார்த்திருப்பீங்க. உங்க ஊருக்குன்னே ஒண்ணு சொல்லிப்போடறேன். கொலிஸ்டின் மருந்தைக் கோழிக்கும் தீவனத்துக்கும் விக்கறதை 2019லயே மத்திய அரசு தடை பண்ணிருச்சு. மனுசனுக்கு வேற எந்த ஆன்டிபயாடிக்கும் கேக்காதப்ப கடைசியாக் கையில இருக்கற மருந்து அது. பழைய ஸ்டாக்குன்னு யாராச்சும் தள்ளிவிட வந்தா வாங்காதீங்க.

காங்கேயத்திலிருந்து: எங்க தாத்தா எட்டாவதுதான் படிச்சார், டாக்டர்கிட்ட கம்பவுண்டரா இருந்து பின்னாடி மருந்தாளுநர்னு பதிவும் வாங்கிக் கடை நடத்தினார். அது எப்படிங்க?

உங்க தாத்தா செஞ்சது சட்டப்படிதான். வெள்ளைக்காரன் காலத்துல ஆரம்பத்துல மருந்து விக்கப் பெருசாத் தடையில்லை. 1930ல சோப்ரா தலைமையில ஒரு விசாரணைக் குழு போட்டாங்க, கலப்பட மருந்து எவ்வளவு ஓடுதுன்னு அவங்க எழுதினதுலதான் 1940 மருந்துச் சட்டமும் 1948 பார்மசி சட்டமும் வந்துச்சு. முதல் பதிவேடு எழுதறப்ப, படிச்சவங்க நாட்டுலயே கம்மி. அதனால ஆஸ்பத்திரியிலயோ டிஸ்பென்சரியிலயோ அஞ்சு வருசம் மருந்து கலக்கிக் குடுத்த அனுபவம் இருந்தா சேர்த்துக்கிட்டாங்க. அந்தக் கதவைச் சாத்தி ரொம்ப காலமாச்சு. இப்ப அனுபவத்தைக் காட்டிப் பதிவு வாங்க முடியாது.

ஈரோட்டிலிருந்து: டாக்டர் எழுதின கம்பெனி இல்லை, அதே மருந்து வேற கம்பெனி இருக்குதுன்னு மாத்திக் குடுக்கலாமுங்களா?

ஹெச், ஹெச்1, எக்ஸ் பட்டியல் மருந்துன்னா கூடாதுங்க, உள்ள இருக்கற சரக்கு ஒண்ணாவே இருந்தாலும். டாக்டருக்குப் போன் போடுங்க, அவர் சீட்டுல மாத்தி எழுதட்டும். டாக்டர்களும் மூலப்பெயர்ல, படிக்கற மாதிரி எழுதணும்னு 2016லயே அவங்க விதியில சேர்த்தாச்சு. எத்தனை பேர் எழுதறாங்கன்னு என்னைக் கேக்காதீங்க.

கோயமுத்தூரிலிருந்து: பார்ம்.டி முடிச்சா டாக்டர்தானே, கிளினிக் போடலாமா?

போட முடியாது. மருந்துச் சீட்டு எழுதற உரிமை அந்தப் படிப்புக்குக் கிடையாது.

சத்தியமங்கலத்திலிருந்து: டி.பார்ம் முடிச்சுப் பதிவும் பண்ணிட்டேன். முதல்வர் மருந்தகம் மாதிரி நானும் போட முடியுமாங்க?

2025 பிப்ரவரியில ஆயிரம் மருந்தகம் திறந்தாங்க. கூட்டுறவுச் சங்கங்களோட தனிப்பட்ட தொழில்முனைவோருக்கும் குடுத்தாங்க, 3 லட்சம் வரைக்கும் மானியம். பி.பார்ம், டி.பார்ம் படிச்சவங்களுக்கான திட்டம்தான் அது. புது விண்ணப்பம் இப்ப வாங்கறாங்களான்னு மாவட்டக் கூட்டுறவு இணைப்பதிவாளர் அலுவலகத்துல கேளுங்க.

திட்டம் கிடைக்காட்டியும் சொந்தக் கடை போடலாம். குறைஞ்சது 10 சதுர மீட்டர் இடம், அதாவது 107 சதுர அடி சொச்சம். இன்சுலின், தடுப்பூசி வைக்க ஃபிரிட்ஜ். சில்லறை விற்பனைக்கு 20, 21ஆம் படிவ லைசென்ஸ். 2017க்கு அப்புறம் லைசென்சைப் புதுப்பிக்க வேண்டியதில்லை, அஞ்சு வருசத்துக்கு ஒருக்காத் தக்கவைப்புக் கட்டணம் கட்டினாப் போதும். வாடகை ஒப்பந்தம் எழுதறதுக்கு முன்னாடி டேப்பு வச்சு உள்பக்கத்தை அளந்துக்குங்க. செவுத்துக் கனத்தையும் சேர்த்துத்தான் கட்டட ஓனர் கணக்குச் சொல்வார்.