கையெழுத்து உங்களுடையது

கேள்வி: கணவர் வெளிநாட்டில். லீவு கிடைக்கவில்லை. காதல் கல்யாணம் என்பதால் இரண்டு வீட்டிலும் பேச்சுவார்த்தை இல்லை. எனக்கு எட்டாம் மாதம். கூட ஆள் இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்க்க மாட்டார்கள், சிசேரியனுக்குக் கையெழுத்துப் போட யார் இருக்கிறார்கள் என்று பயமுறுத்துகிறார்கள். பேசாமல் வீட்டிலேயே பெற்றுக்கொள்ளலாமா?
- பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: வேண்டவே வேண்டாம். உங்கள் ஊரிலேயே 2018இல் யூடியூப் பார்த்து வீட்டில் பிரசவித்த பெண் ரத்தப்போக்கில் இறந்துபோனார். கணவர் பக்கத்தில்தான் இருந்தார். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்ததும் கர்ப்பப்பை இறுகி அந்த ரத்தக்குழாய்களை நெரிக்க வேண்டும். இறுகாவிட்டால் சில நிமிடங்களில் மயக்கம். போனை எடுக்கக்கூடத் தெம்பு இருக்காது. ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி போடுவது இதற்காகத்தான். ரத்த வங்கியும் சிசேரியன் வசதியும் உள்ள அரசு மருத்துவமனையாகப் பாருங்கள். 2011 முதல் அங்கே பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தம், சாப்பாடு எல்லாம் இலவசம்.

கையெழுத்தை நீங்களே போடலாம், சிசேரியனுக்கும். சமீரா கோலி வழக்கில், மயக்க மருந்தில் இருந்த பெண்ணுக்காக அவருடைய தாய் தந்த சம்மதத்தையே 2008இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அவர் கண்விழிக்கும்வரை காத்திருந்து அவரிடமே கேட்டிருக்க வேண்டும் என்றது. உயிருக்கு ஆபத்து என்றால் யார் கையெழுத்துக்காகவும் டாக்டர் காத்திருக்க வேண்டியதில்லை. ஆள் இல்லை என்று திருப்பி அனுப்பினால் 104 என்ற அரசு சுகாதார உதவி எண்ணுக்குப் புகார் சொல்லுங்கள்.

அரசு மருத்துவமனைப் பிரசவ அறையில் ஒரு பெண் துணை இருக்கலாம். சொந்தக்காரர் அல்லாதவரை விடுவார்களா என்று ஆஸ்பத்திரியில் முன்பே கேட்டுவையுங்கள். பிள்ளை பெற்ற அனுபவம் இருந்தால் நல்லது. கம்பெனித் தோழி, பக்கத்து வீட்டு அக்கா என்று இரண்டு பேரிடம் இப்போதே சொல்லி வையுங்கள், ஒருவருக்கு நைட் ஷிப்ட் வந்தாலும் மற்றவர் வருவார். ஆள் அவசியம் தேவைப்படுவது பிரசவத்துக்குப் பிறகுதான். சிசேரியன் ஆனால் முதல் நாள் நீங்களாக எழுந்து குழந்தையைத் தூக்க முடியாது. ஆகவே "ரெண்டு ராத்திரி என்கூட இருக்கியாக்கா" என்று கேளுங்கள். இதைப் படிக்க நேர்ந்தால் இரண்டு வீட்டாருக்கும் சொல்கிறோம்: கோபம் அப்படியே இருக்கட்டும், அந்த இரண்டு ராத்திரிக்கு ஒரு ஆளை அனுப்புங்கள்.

வலி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்தால் கிளம்பு என்பார்கள். தனியாக இருப்பவர் பத்து நிமிட இடைவெளியிலேயே கிளம்பிவிட வேண்டும். பனிக்குடம் உடைந்தால், ரத்தம் பட்டால், அசைவு குறைந்தால், தலைவலியோடு கண் மங்கினால் வலிக்காகக் காத்திருக்காதீர்கள். முதலில் கதவுத் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டு, பிறகு 108ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை இடது பக்கமாகப் படுத்திருங்கள். அதற்குள் குழந்தை வந்துவிட்டால் துடைத்து, வெறும் மார்பில் போட்டு, இருவரையும் சேர்த்துப் போர்த்துங்கள். தொப்புள்கொடியை வெட்டாதீர்கள், இழுக்கவும் கூடாது. இழுத்தால் கர்ப்பப்பையே புரண்டு வெளியே வரலாம்.

தாய்சேய் அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட், ஆதார், பாஸ்புக், சார்ஜர் எல்லாம் ஒரே பையில் கதவருகே இருக்கட்டும். பிக்மி எண், அதாவது அரசின் கர்ப்பப் பதிவு எண், வாங்கிவிட்டீர்களா? பிறப்புச் சான்றிதழுக்கும் மகப்பேறு உதவித்தொகைக்கும் அது வேண்டும். இல்லையென்றால் இந்த வாரமே உங்கள் பகுதி நர்ஸைப் பாருங்கள். நீங்கள் தனியாக இருப்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.