‘கொக்கட்டிச்சோலை’ பாதி வரிகளில் மட்டும் மாறுவது

‘கொக்கட்டிச்சோலை’ என்ற ஊர்ப்பெயரை செட் (sed, கோப்பில் சொற்களைத் தேடி மாற்றும் கட்டளை) கொண்டு மாற்றினால் பாதி வரிகள் மட்டும் மாறுகின்றன என்று கேட்டிருந்தீர்கள். அது விட்டுவிட்ட வரிகளும் மாறவேண்டுமானால், ரெகெக்ஸில் (regex, தேட வேண்டியதன் வடிவத்தைச் சொல்லும் கோவை) ‘க’வுக்குப் பின் ஒற்றைக் குறியான ஒகரத்தையும், தனித்தனிக் கொம்பும் காலும் சேர்ந்த இணையையும் அடைப்புக்குறிக்குள் நிலைக்குத்துக் கோட்டால் (|) பிரித்துத் தாருங்கள், ‘சோ’வுக்கும், இரட்டைக்கொம்புடன், அவ்வாறே. அடைப்புக்குறி இயங்கப் பெரிய எழுத்து ‘ஈ’ (-E) தெரிவு தேவை.

யூனிகோட்டில் ‘கொ’வை இரு விதமாகவும் எழுதலாம், கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் செட் அவற்றை வெவ்வேறாகவே பார்க்கும். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்ட மட்டக்களப்பின் மண்முனை தென்மேற்குக் கிராமப் பட்டியலொன்றில் நானும் இதனால் ஒரு மாலையைத் தொலைத்தேன்.

மாறாத வரியின் ‘கொ’வை மட்டும் நகலெடுத்து, புதுவரிக் குறியின்றி பைட்டுகளை எண்ணிப் பாருங்கள்: யூடிஎஃப்-8 (UTF-8, யூனிகோட் எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) கோப்பில் 6 என்றால் ஒற்றைக் குறி, 9 என்றால் பிளவுபட்டது.

கோப்பிலேயே எழுதும் சிறிய ‘ஐ’ (-i) தெரிவு எதையும் கேளாமல் மேலெழுதிவிடும். ஆகவே முதலில் நகலொன்றில் ஓட்டுங்கள்.