பதினொரு கதைகள் – கடிதம்

அன்புள்ள அக்கா,

நான் பள்ளியில் கணக்கு ஆசிரியை. மூன்று வருடமாகச் சிறுகதை எழுதுகிறேன். பதினொன்று சேர்ந்துவிட்டது. ஒன்றைக்கூட எந்தப் பத்திரிகைக்கும் அனுப்பியதில்லை. அனுப்பலாம் என்று எடுத்தால் முதல் பத்தியில் ஏதாவது உறுத்தும். திருத்த உட்கார்ந்தால் அந்த ராத்திரி போய்விடும். பிள்ளைகளின் விடைத்தாளில் ஒரு கழித்தல் குறி விடுபட்டாலும் கண்டுபிடித்துவிடுகிற கண் இது. பிழை இருக்கும் என்று தெரிந்தே என் எழுத்தை எப்படி வெளியே விடுவது?

கே.

அன்புள்ள கே.,

கணக்கில் விடை வந்ததும் முடிந்தது என்று தெரிந்துவிடும். கதையில் அப்படி ஓர் இடம் வராது. வராத ஒன்றுக்காக மூன்று வருடம் காத்திருந்திருக்கிறீர்கள்.

என் முதல் தொகுப்பு அச்சாகும் முன் அதன் மெய்ப்பை ஒன்பது தடவை படித்தேன். ஒற்றெழுத்து, காற்புள்ளி என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். புத்தகம் வந்த இரண்டாவது மாதம் ஒரு தையல்காரரிடமிருந்து அஞ்சலட்டை. ‘பாட்டி தோட்டை விற்றுத்தானே பேரனுக்குப் ஃபீஸ் கட்டினார்? அப்புறம் கடைசிப் பக்கத்தில் காதில் தோட்டைத் திருகிக்கொண்டே பேசுகிறாரே?’ எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் அட்டையின் மீதியைப் படித்தேன். பொடி எழுத்தில், ஓரம் வரைக்கும், அவருடைய அம்மாவின் தோடு அடகுக்குப் போன கதையை எழுதியிருந்தார். மூழ்கியே போய்விட்டதாம். தோட்டை அடுத்த பதிப்பில் சரிசெய்தேன். அந்த அட்டை இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

ஒன்பது தடவை படித்தும் என் கண்ணுக்கு அது தெரியவில்லை. இன்னும் தொண்ணூறு தடவை படித்திருந்தாலும் தெரிந்திருக்காது. எழுதியவருக்குப் பாட்டியின் முகம் முதலிலிருந்தே மனதில் இருக்கிறது, தோட்டோடு. வேறொருவர் படித்தால்தான் அது பிழை என்று தெரியும்.

உ.வே.சாமிநாதையரை நினைத்துப் பாருங்கள். 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தவரிடம் முன்சீப் இராமசாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் பாடம் கேட்டார். ஐயர் படித்த சைவ மடத்துப் படிப்பில் அந்த ஜைனக் காப்பியம் இல்லை. அவ்வூர் ஜைனர்களிடம் போய்ச் சந்தேகம் கேட்டார், ஏட்டோடு ஏட்டை ஒப்பிட்டார். அச்சில் வர 1887 ஆனது. வந்ததும் பிழைகளைச் சொல்லிக் கண்டனங்கள் எழுந்தன. ஏழு வருட உழைப்புக்குப் பிறகு அதைக் கேட்க எப்படி இருந்திருக்கும்! ஆனாலும் 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு. சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பு 1907-இல்தான், திருத்தங்களோடு. இடையில் அத்தனை நூல்களைப் பதிப்பித்துப் பழகிய கண்ணோடு திருத்தினார். 1887-இல் அந்தக் கண் அவருக்கு இல்லை. சிந்தாமணியையே வைத்துத் திருத்திக்கொண்டிருந்தால் அது வந்தும் இருக்காது. ஏடுகளோ அதுவரை காத்திருக்காது, செல்லரித்துக்கொண்டிருந்தன.

கவனமே வேண்டாம் என்று சொல்லவில்லை. அரைகுறையாக எழுதி அனுப்புகிறவர்கள் மேல் எனக்கு மரியாதை கிடையாது. உங்கள் கண் நல்ல கண், அதை இழந்துவிடாதீர்கள். ஆனால் எங்கே நிறுத்துவது என்பதற்கு நான் வைத்திருக்கிற அடையாளம் ஒன்று உண்டு. நேற்று எடுத்த காற்புள்ளியை இன்று திரும்பப் போடுகிறேன் என்றால் கதை கையை விட்டுப் போகத் தயாராகிவிட்டது. அதற்கு மேல் திருத்தினால் வாக்கியத்தில் இருந்த மூச்சும் போய்விடும்.

நீங்கள் இணைத்திருந்த ஒரு கதையைப் படித்தேன். அதில் அப்பா சைக்கிளைத் துடைத்துவிட்டு அந்தத் துணியை மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறாரே, அந்த இடத்தில் நின்றுவிட்டேன். முதல் பத்தி கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும். அதைத் தொடாமல் இந்த வாரமே அனுப்புங்கள். அனுப்பிய தேதியை மட்டும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அப்புறம் பன்னிரண்டாவது கதையை ஆரம்பியுங்கள்.

அன்புடன்,
அக்கா