ரிவால்வருக்கு 550 டாலர் கூடுதலாகக் கொடுக்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். டாலஸ் பக்கம் இருக்கிறேன், வயது 41. போன வருஷம்தான் கிரீன் கார்டு வந்தது. ஒரு வருஷமாக நண்பருடைய ரிவால்வரை இரவல் வாங்கி, மாதாமாதம் யூஎஸ்பிஎஸ்ஏ (துப்பாக்கிச் சுடும் போட்டி நடத்தும் அமெரிக்கச் சங்கம்) கிளப் மேட்சுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். இப்போது சொந்தமாக ஒன்று வாங்க ஆசை. கடையில் இரண்டைக் காட்டினார்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 686, ஆறு தோட்டா, 880 டாலர். அதே கம்பெனியின் பர்ஃபார்மன்ஸ் சென்டரில் ட்யூன் செய்து வரும் 627, எட்டுத் தோட்டா, 1,430 டாலர். கடை கார்டில் வாங்கினால் 12 மாதம் வட்டி இல்லை என்கிறார்கள். கோல்ட் கம்பெனியின் பழைய பைத்தான் ரிவால்வர் மாதிரி இதுவும் பின்னால் விலை ஏறும் என்று கடைக்காரர் சொன்னார். மனைவியோ, "இரண்டும் சுடத்தானே செய்யும்?" என்கிறாள். கிரெடிட் கார்டு கடன் இல்லை. 401(கே) ஓய்வுக்காலச் சேமிப்பில், கம்பெனி தன் பங்குக்குப் போடும் பணம் கிடைக்கும் அளவுக்குப் போடுகிறேன். ஐந்து மாதச் செலவுக்குக் கையிருப்பு இருக்கிறது. இரண்டு குழந்தைகள். கூடுதல் விலைக்கு அது தகுமா?

பதில்: உங்கள் மனைவி கேட்டது நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்ல முடிந்தால் மற்றதெல்லாம் தானாகத் தெளிந்துவிடும். ஆமாம், இரண்டும் சுடும். ஆனால் நீங்கள் போகும் மேட்சில் எப்படிச் சுட வேண்டியிருக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதற்கு வருகிறேன், முதலில் எண்களைச் சரிசெய்துகொள்வோம்.

வித்தியாசம் 550 டாலர் அல்ல. டெக்சாஸில் விற்பனை வரி உள்ளூர் வரியோடு சேர்ந்து 8.25% வரை போகும். அதைச் சேர்த்தால் 686 சுமார் 953 டாலர், 627 சுமார் 1,548 டாலர். ஆக, 595 டாலர். தோட்டாவுக்கு 40 சென்ட் என்று வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 1,490 தோட்டா வாங்கும் காசு இது. மாதம் 200 தோட்டா சுடுபவருக்கு ஏழரை மாதப் பயிற்சி.

இதையே திருப்பியும் பார்க்கலாம். மாதம் 200 என்றால் வருஷத்துக்கு 2,400 தோட்டா, 960 டாலர். ஐந்து வருஷத்தில் 4,800. துப்பாக்கியின் விலையையும் கூட்டினால் 686-க்கு 5,753 டாலர், 627-க்கு 6,348 டாலர். கடை விலைச்சீட்டில் 62 சதவீதமாகத் தெரியும் வித்தியாசம் ஐந்தாண்டுச் செலவில் பத்துச் சதவீதத்துக்குச் சுருங்கிவிடுகிறது. இந்தப் பொழுதுபோக்கில் காசைத் தின்பது தோட்டாதான், துப்பாக்கி இல்லை. பட்ஜெட்டில் முதலில் எழுத வேண்டியது மாதம் 80 டாலர் என்ற அந்த வரியை. அதற்கு இடமில்லை என்றால் 686-உம் வேண்டாம்.

இப்போது அந்த 595 டாலர் எதற்குப் போகிறது என்று பிரித்துப் பார்ப்போம். 'ட்யூன்' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வகைச் சரக்கைக் கட்டி விற்கிறார்கள். ஒன்று, பின்னால் சேர்த்துக்கொள்ளக் கூடியது: ட்ரிகர் வழவழப்பாக ஓடுவது, குறிபார்க்கும் சைட், கைப்பிடி, சிலிண்டர் (தோட்டா ஏற்றும் உருளை) துளைகளின் விளிம்பைச் சாய்த்துச் செதுக்குவது. நல்ல கன்ஸ்மித் (துப்பாக்கியைப் பழுதுபார்த்துத் திருத்துபவர்) இவ்வளவையும் செய்துவிடுவார். இன்னொன்று, பின்னால் சேர்க்கவே முடியாதது. 686-இன் ஆறு துளைச் சிலிண்டரை எட்டாக்க எந்த கன்ஸ்மித்தாலும் ஆகாது. 627 'என் ஃபிரேம்' என்ற பெரிய உடற்சட்டத்தில் வருவதால்தான் .357 அளவுத் தோட்டாவில் எட்டு இடம் கிடைக்கிறது. எட்டுத் தோட்டாவையும் ஒரே மூச்சில் போட்டு எடுக்க, அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் மூன் கிளிப் என்ற தட்டையான உலோக வளையத்துக்கென்று சிலிண்டரை ஆலையிலேயே வெட்டித் தருகிறார்கள்.

உங்கள் மேட்ச் விதி குறுக்கே வருவது இந்த இடத்தில்தான். யூஎஸ்பிஎஸ்ஏ ரிவால்வர் பிரிவில், மைனர் பவர் ஃபாக்டரில், அதாவது வலு குறைந்த தோட்டா வகையில், சுடுபவர் எட்டு வரை ஏற்றலாம். நின்ற ஒரே இடத்திலிருந்து எட்டுக்கு மேல் ஹிட் கேட்கும்படி ஸ்டேஜை (போட்டியின் ஒரு கட்டத்தை) அமைக்கக் கூடாது என்றும் விதி இருக்கிறது. எட்டுத் தோட்டாக்காரர் சுட்டு முடித்து, அடுத்த இடத்துக்கு ஓடும்போதே மறுபடி ஏற்றிக்கொள்வார். ஆறு தோட்டாக்காரர் நின்ற இடத்திலேயே சிலிண்டரைத் திறந்து ஏற்ற வேண்டும். இரவல் துப்பாக்கி ஆறு தோட்டாவாக இருந்தால் இந்த எரிச்சல் உங்களுக்கு ஒரு வருஷமாகப் பழகியிருக்கும், நான் சொல்லத் தேவையில்லை. இதே நீங்கள் ஐடிபிஏ என்ற வேறொரு சங்கத்தின் மேட்சுக்குப் போகிறவர் என்றால் என் பதிலே மாறியிருக்கும். அங்கே ரிவால்வரில் ஆறுதான் ஏற்றலாம், பேரல் நீளத்துக்கும் வரம்பு உண்டு. 686 தாராளமாகப் போதும், மிச்சக் காசுக்குத் தோட்டா வாங்கு என்று சொல்லி முடித்திருப்பேன். சும்மா ரேஞ்சில் காகிதத்தைத் துளைப்பவருக்கும் அதே பதில்தான்.

"அப்படியானால் 686-ஐயே வாங்கி ட்ரிகரை மட்டும் சரிசெய்துகொள்கிறேன்" என்ற யோசனை எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்தது. முதல் ரிவால்வரை மலிவாக வாங்கினேன். ட்ரிகர் கனமாக இருக்கிறது என்று ஒரு கன்ஸ்மித்திடம் கொடுத்தேன். அவர் ஹாமரின் (தோட்டாவை வெடிக்க வைக்க அடிக்கும் சுத்தியல்) ஸ்பிரிங்கை லேசாக்கிக் கொடுத்தார். விரலுக்கு வெண்ணெய் மாதிரி இருந்தது. முதல் மேட்சிலேயே ஆறில் ஒன்று வெடிக்காமல் 'டிக்' என்றது. ஸ்பிரிங் லேசானால் பிரைமரில் (அடி விழுந்ததும் தீப்பொறி தரும் தோட்டாவின் பின்பகுதி) விழும் அடியும் லேசாகும், அதை நான் யோசிக்கவில்லை. அதற்குப் பிறகு பிரைமர் மென்மையாக இருக்கும் ஃபெடரல் கம்பெனித் தோட்டாவாகப் பார்த்துப் பார்த்து வாங்கினேன். அப்புறம் சைட், அப்புறம் கைப்பிடி. விற்கப் போனபோது வாங்க வந்தவர் சாதாரண மாடலின் விலையைத்தான் சொன்னார். வேலைக்கூலியைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

அதனால் விற்கும்போது என்ன ஆகும் என்பதையும் கணக்கில் சேர்க்கிறேன். ஐந்து வருஷம் கழித்து இரண்டும் கடை விலையில் முக்கால் பங்குக்குப் போகும் என்று வையுங்கள். கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண்தான் அது, உத்தரவாதம் ஒன்றுமில்லை. வரியையும் சேர்த்து 686-இல் உங்கள் கையை விட்டுப் போவது சுமார் 293 டாலர், 627-இல் சுமார் 476. வித்தியாசம் 183, அதாவது மாதம் மூன்று டாலர். மாறாக 686-இல் ட்ரிகர் வேலைக்கும் சைட்டுக்கும் ஒரு 350 டாலர் போட்டால், அது திரும்பி வராத காசு. மொத்த இழப்பு 643 ஆகிவிடும். எப்படியும் கைவைக்கத்தான் போகிறேன் என்கிறவருக்கு ஆலையில் ட்யூன் செய்து வருவதுதான் மலிவு. நீங்கள் எந்த ரகம் என்று உங்களுக்கே தெரியும்.

பைத்தான் கதையை மறந்துவிடுங்கள். கோல்ட் அதை 1955-இல் கொண்டுவந்து 2005-இல் நிறுத்தியது. இனிமேல் வராது என்ற நிலையில்தான் பழையவை அந்த விலைக்கு ஏறின. அதிலும் நல்ல விலைக்குப் போனவை பெட்டியோடு, சுடாமல் வைத்திருந்தவை. 2020-இல் கோல்ட் புதிய பைத்தானை விற்கத் தொடங்கிவிட்டது. நீங்கள் வாங்கப் போவதோ கம்பெனி இன்றைக்கும் செய்துகொண்டிருக்கும் பொருள், அதிலும் வருஷம் 2,400 தோட்டா சுடப் போகிறீர்கள். அதை முதலீட்டுப் பக்கத்தில் எழுதாதீர்கள், செலவுப் பக்கத்தில் எழுதுங்கள். நஷ்டத்துக்கு விற்றாலும் சொந்த உபயோகப் பொருள் என்பதால் வருமான வரியில் கழித்துக்கொள்ள முடியாது.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பயம் தந்த ஒரே விஷயம் கடை கார்டு. 'வட்டி இல்லை' என்று எழுதியிருக்கிறதா, '12 மாதத்துக்குள் முழுவதும் கட்டினால் வட்டி இல்லை' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவதாக இருந்தால் வட்டி முதல் நாளிலிருந்தே பின்னணியில் ஏறிக்கொண்டிருக்கும். 1,548 டாலரை மாதம் 120 வீதம் கட்டினால் வருஷக் கடைசியில் 108 டாலர் மிச்சம் நிற்கும். வட்டி விகிதம் 30 சதவீதத்தை ஒட்டி இருந்தால், அந்த 108-க்காக 250 டாலருக்கு மேல் பழைய வட்டி ஒரே நாளில் வந்து விழும். சரியான தவணை 129. அதைவிட நல்லது, அவசரக் கையிருப்பைத் தொடாமல் மாதம் 400 ஒதுக்கி நான்கு மாதம் பொறுப்பது. இரவல் துப்பாக்கிதான் கையில் இருக்கிறதே.

அந்த நான்கு மாதத்துக்குள் வாங்க வேண்டியது ஒன்று உண்டு: பூட்டும் பெட்டி. வீட்டில் இரண்டு குழந்தைகள். குண்டேற்றிய துப்பாக்கியை அஜாக்கிரதையாக வைத்து, அது 17 வயதுக்குட்பட்டவர் கைக்குக் கிடைத்துவிட்டால் டெக்சாஸில் குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் இதைத்தான் சொல்வேன். பெட்டிக்குக் காசு போதவில்லை என்றால் ரிவால்வர் இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போகட்டும். வீட்டுக் காப்பீட்டையும் எடுத்துப் பாருங்கள். துப்பாக்கித் திருட்டுக்குப் பல பாலிசிகளில் 2,500 டாலர்தான் வரம்பு. இன்றைக்கு உங்களுக்கு அது போதும், இரண்டாவது துப்பாக்கி வரும்போது போதாமல் போகலாம்.

இதைப் படிக்கும் எச்-1பி நண்பர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. வேலை விசாவில் இருப்பவர் துப்பாக்கி வாங்குவதோ வைத்திருப்பதோ ஃபெடரல் சட்டப்படி பொதுவாகத் தடை. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு. கடையில் நிரப்பும் 4473 படிவத்தில் இந்தக் கேள்வி நேராகவே வரும், பொய் எழுதினால் அது தனிக் குற்றம். கிரீன் கார்டு வரும்வரை பொறுத்த நம் வாசகர் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

ஆக, 627-ஐ வாங்கலாம், எட்டுத் தோட்டாவுக்காக. ட்யூன் செய்தது என்ற பெயருக்காக வேண்டாம். அந்தப் பெயரும் குறையே இருக்காது என்பதற்கு அத்தாட்சி இல்லை. பணம் கட்டுமுன் கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, காலி என்று இருவரும் உறுதிசெய்துகொண்டு, ஹாமரை மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். ஹாமர் முழுக்க வந்து நிற்பதற்கு முன்பே சிலிண்டர் பூட்டிக்கொள்ள வேண்டும். எட்டு இடத்திலும் இப்படிப் பாருங்கள். பூட்டிய சிலிண்டர் முன்னும் பின்னும் ஆடக் கூடாது. முன் சைட் நேராக நிற்கிறதா என்று பின்னாலிருந்து பாருங்கள். ஏதாவது ஒன்று சரியில்லை என்றாலும் வேறொன்றை எடுக்கச் சொல்லுங்கள். 1,430 டாலர் கொடுப்பவருக்கு அந்த உரிமை உண்டு.

மூன் கிளிப்புக்கும் அதைக் கழற்றும் கருவிக்கும் ஒரு 100 டாலர் தனியாக எடுத்து வையுங்கள். கிளிப்பைப் பையில் சும்மா போட்டுக் குலுக்காதீர்கள். லேசாக வளைந்த ஒரு கிளிப் போதும், 1,430 டாலர் ரிவால்வரின் சிலிண்டர் சுற்றாமல் மேட்ச் நடுவே நின்றுவிடும்.