பி.எஸ்சி. இயற்பியல் முடித்தபின் பொறியியலும் படித்தால் வேலைக்கு உதவுமா?

உதவும், ஆனால் ரெண்டு பட்டம் இருக்கிறது என்பதற்காக மட்டும் யாரும் கூப்பிட்டு வேலை தரமாட்டார்கள். அப்துல் கலாமே 1954-ல் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் முடித்துவிட்டு, அப்புறம்தான் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் சேர்ந்தார்.

இப்போதும் தமிழ்நாட்டில், பிளஸ் டூவில் கணிதம் படித்த பி.எஸ்சி. பட்டதாரிகள் நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம், ஆக மொத்தம் ஆறு வருஷம். பிளஸ் டூ முடிக்கப் போகும் தம்பி தங்கை இருந்தால் பிட்ஸ் பிலானி என்ற தனியார் பல்கலைக்கழகத்தைச் சொல்லுங்கள், அங்கே எம்.எஸ்சி. இயற்பியலில் சேர்ந்து, முதல் வருஷ மதிப்பெண்ணைப் பொறுத்து ஒரு பி.இ. பிரிவையும் சேர்த்து எடுத்தால் ஐந்தே வருஷத்தில் இரண்டும் கிடைக்கும் (செலவு கொஞ்சம் கடிக்கும்).

என்னைக் கேட்டால், எம்.எஸ்சி. முடித்து கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெக். போவதுதான் உங்களுக்குச் சரி. பி.இ.யின் பொறியியல் வரைபடத் தாளோடு மல்லுக்கட்ட வேண்டாம். செமிகண்டக்டர், லேசர், ஒளியியல், கருவியியல் மாதிரி துறைகளில் இயற்பியலும் பொறியியலும் சேர்ந்த படிப்புக்கு மதிப்பு உண்டு. சாதாரண மென்பொருள் வேலைதான் இலக்கு என்றால் இவ்வளவு சுற்று எதற்கு?