16 வயது மகனை பஹ்ரைன் கிளப்புக்கு அனுப்பலாமா?

கேள்வி: என் கணவர் நான்கு வருடமாக பஹ்ரைனில் மீன்பிடி வேலையில் இருக்கிறார். மகனுக்கு 16 வயது. பத்தாம் வகுப்பு பாஸ் ஆகிவிட்டான். ஊர் கிளப்புக்குக் கால்பந்து ஆடுகிறான், கேரளாவில் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் ஆட்டம்) ஆடவும் கூப்பிடுகிறார்கள். ஒரு ஏஜென்ட், “அப்பா அங்கே இருப்பதால் ஃபிஃபா விதிப்படி பையனைச் சேர்க்கலாம். பஹ்ரைன் கிளப்பில் இரண்டு வருடம், அங்கிருந்து போர்ச்சுகல்” என்கிறார். பிளஸ் ஒன் சேர வேண்டாம், நேரம் வீண் என்றும் சொல்கிறார். மொத்தம் 6 லட்சம், முதலில் 2 லட்சம். கிளப் கடிதத்தின் நகலை இணைத்திருக்கிறேன். நகையை அடகு வைத்துக் கட்டலாமா?
— வாசகி, தூத்தூர் அருகே, குமரி மாவட்டம்

பதில்: வேண்டாம். நகை பீரோவிலேயே இருக்கட்டும். இரண்டு லட்சம் அல்ல, இரண்டாயிரம்கூடக் கொடுக்காதீர்கள். பையனின் பாஸ்போர்ட்டை ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே போய்த் திரும்ப வாங்குங்கள். “விசாவுக்குப் போயிருக்கிறது” என்று சொன்னால், எங்கே கொடுத்தார், எந்தத் தேதியில் கொடுத்தார், ரசீது எங்கே என்று கேளுங்கள்.

ஏஜென்ட் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதனால்தான் படித்தவர்கள்கூட இதில் விழுகிறார்கள். விதி இதுதான்: 18 வயது நிறையாத ஒருவரை வேறு நாட்டுக் கிளப் பதிவு செய்யக்கூடாது. ‘பதிவு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பதிவு இல்லாமல் கிளப் ஜெர்ஸி போட்டுப் படம் எடுக்கலாம், பயிற்சியில் ஓடலாம், லீக் ஆட்டத்தில் இறங்க முடியாது. இந்த விஷயத்தில் ஃபிஃபா பெரிய கிளப்புகளையும் விட்டுவைக்கவில்லை. பார்சிலோனாவுக்கு 2014-லும் செல்சிக்கு 2019-லும் புதிய வீரர்களைச் சேர்க்கத் தடை விதித்தது மைனர்களைப் பதிவு செய்த குற்றத்துக்காகத்தான். “மெஸ்ஸி 13 வயதிலேயே ஸ்பெயின் போகவில்லையா?” என்று எல்லா ஏஜென்ட்டும் கேட்பார்கள். மெஸ்ஸி பார்சிலோனாவுக்குச் சோதனை ஆட்டம் ஆடப் போனது 2000-இல். மைனர்களைக் காக்கும் இந்த விதி 2001-இல் வந்தது.

இனி, உங்கள் ஏஜென்ட் பிடித்துத் தொங்கும் விதிவிலக்கு. வேறு சில விதிவிலக்குகளும் உண்டு, அவை உங்கள் வீட்டுக்குப் பொருந்தாதவை, விட்டுவிடுவோம். இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள், உங்கள் கணவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

பெற்றோர் கால்பந்துக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காக ஒரு நாட்டில் குடியேறினால், அவர்களோடு வாழும் பிள்ளையை அங்கே ஒரு கிளப் பதிவு செய்யலாம். உங்கள் கணவர் போனது மீன்பிடிக்க. அதில் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் ஃபிஃபா பார்க்கப்போவது உங்கள் கணவரை மட்டும் அல்ல. நான்கு வருடம் அப்பா தனியாக இருந்தார், அப்போது பையன் போகவில்லை. இப்போது கிளப் கடிதம் வந்த பிறகு கிளம்புகிறான். அம்மாவும் மற்ற பிள்ளைகளும் ஊரிலேயே இருக்கிறார்கள். இதை வாசிக்கிற அதிகாரி, குடும்பம் குடியேறியது என்று எழுதுவாரா, பையன் கால்பந்துக்காகப் போனான் என்று எழுதுவாரா? இரண்டாவதைத்தான் எழுதுவார்.

அதையும் தாண்டிவிட்டதாக வைத்துக்கொள்வோம். பையன் அப்பாவோடு வாழ்வதைக் காட்ட வேண்டும். வளைகுடா நாடுகளில் குடும்ப விசா எடுக்க, குறிப்பிட்ட அளவுக்கு மேல் மாதச் சம்பளம் காட்ட வேண்டும். கடல் தொழிலுக்குப் போன நம் ஆட்களுக்கு மாதச் சம்பளமா, பிடித்த மீனில் பங்கா? படகிலும், ஸ்பான்சர் கொடுத்த ஒற்றை அறையில் ஏழெட்டுப் பேரோடும் படுக்கிறவர், மகனை எந்த முகவரியில் வைத்திருப்பதாக எழுதிக் கொடுப்பார்? கணவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: “உங்கள் விசாவில் குடும்பத்தை அழைத்துக்கொள்ள முடியுமா?” முடியாது என்றால் அந்த விதிவிலக்கு உங்கள் வீட்டுக்கு இல்லை. முடியும் என்றால், நீங்களும் பிள்ளைகளும் சேர்ந்து அங்கே குடித்தனம் நடத்தப் போகும் நாளில் இதைப் பற்றிப் பேசலாம். அப்போதும் ஃபிஃபாவிடம் விண்ணப்பிப்பது அந்த நாட்டுக் கால்பந்துச் சங்கம். கிளப் தன் சங்கத்திடம் கேட்கும், சங்கம் ஃபிஃபாவின் கணினி வழியாகத் தந்தையின் வேலை ஒப்பந்தம், குடியிருப்பு அனுமதி, பிறப்புச் சான்று எல்லாவற்றையும் ஏற்றும். இந்த வரிசையில் ஏஜென்ட்டுக்கு இடமே இல்லை. பதிவு மாறும்போது அகில இந்திய கால்பந்துச் சம்மேளனம் கொடுக்கும் சர்வதேச மாற்றுச் சான்றிதழையும் இலவசமாகத்தான் கொடுக்க வேண்டும் என்பது விதி. ‘ஃபிஃபா கிளியரன்ஸ் சார்ஜ்’ என்று ஏஜென்ட் தன் செலவுக் கணக்கில் எழுதியிருக்கும் 85 ஆயிரம் யாருக்குப் போகும் என்று அவரிடமே கேளுங்கள்.

நீங்கள் அனுப்பிய கடிதத்துக்கு வருகிறேன். மேலே கிளப் முத்திரை, ஓரங்கள் கலங்கி இருக்கின்றன; இணையத்தில் எடுத்து ஒட்டியது. கீழே மின்னஞ்சல் முகவரி ஜிமெயில். உங்கள் மகனின் பெயர் இருக்கிறது, பிறந்த தேதி இல்லை, பாஸ்போர்ட் எண் இல்லை, சம்பளம் இல்லை. விசா வகை என்ற இடத்தில் ‘விசிட்’. பணம் கட்டவேண்டிய கணக்கோ பஹ்ரைன் வங்கியில் இல்லை, மார்த்தாண்டத்தில் ஒரு தனிநபரின் சேமிப்புக் கணக்கு. இதற்கு மேல் நான் என்ன சொல்ல? ஒரு வீரனை உண்மையிலேயே விரும்புகிற கிளப் அவனிடம் காசு கேட்காது, காசு கொடுக்கும்.

‘கிளப்’ என்று அங்கே எதைச் சொல்கிறார்கள் என்பதையும் பாருங்கள். வளைகுடாவில் மலையாளிகளும் நம் ஆட்களும் லீவு நாளில் செவன்ஸ் நடத்துகிறார்கள். நல்ல ஆட்டம், நல்ல கூட்டம். ஆனால் அது அந்த நாட்டு லீக் அல்ல. விசிட் விசாவில் போய் அதில் ஆடி, விசா முடிந்ததும் ஏதாவது கம்பெனியில் சுமை தூக்க நிற்கிற பையன்களின் பெற்றோர் என்னிடம் வருகிறார்கள், பணம் போன பிறகு.

இந்தத் தொழிலில் இரண்டு விதமான உரிமம் உண்டு. உங்கள் ஏஜென்ட்டிடம் இரண்டில் ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு பெற்றவர்களின் பட்டியல் இ-மைக்ரேட் இணையதளத்தில் இருக்கிறது. அப்படிப் பதிவு பெற்றவரே வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30 ஆயிரமும் ஜி.எஸ்.டி.யும்தான். கால்பந்து ஏஜென்ட் என்றால் தேர்வு எழுதி ஃபிஃபா உரிமம் பெற்றிருக்க வேண்டும். 2023 அக்டோபர் முதல் இது கட்டாயம். அந்த உரிமம் தனி மனிதருக்குத்தான், கம்பெனிக்குக் கிடையாது. ஆகவே “எங்கள் கம்பெனிக்கு லைசென்ஸ் இருக்கிறது” என்றாலே பொய். பெயரை ஃபிஃபா தளத்தில் போட்டுப் பார்க்கலாம், பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பிள்ளை ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லும். மைனரோடு பேச்சைத் தொடங்கும் முன்பே பெற்றோரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் வாங்க வேண்டும் என்பதும் அந்த விதிகளில் இருக்கிறது. உங்களிடம் வாங்கினாரா? “பையனின் வருங்கால வருமானத்தில் 30 சதவீதம்” என்று முத்திரைத்தாளில் கையெழுத்துக் கேட்டாலும் போடாதீர்கள். வீரனை விற்கும் தொகையில் வெளியாள் பங்கு வைத்திருப்பதை ஃபிஃபா 2015-லேயே தடை செய்துவிட்டது. ஏஜென்ட்டோடு வீரர் போடும் ஒப்பந்தமும் இரண்டு வருடத்துக்கு மேல் போகக்கூடாது.

அடுத்து இவர் சொல்லப்போவது எனக்குத் தெரியும். “வயதை 18 என்று மாற்றிக்கொள்ளலாம், ஆதாரில் திருத்தம் செய்து தருகிறேன்” என்பார். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். பிறப்புச் சான்று, பள்ளி டி.சி., பங்குக் கோயிலின் திருமுழுக்குப் பதிவேடு மூன்றிலும் உண்மைத் தேதி இருக்கும்போது ஆதாரில் மட்டும் மாற்றினால், பின்னாளில் தமிழ்நாட்டு அணிக்கோ ரயில்வே வேலைக்கோ போகும்போது மாட்டிக்கொள்வது உங்கள் மகன். ஏஜென்ட் அல்ல.

போர்ச்சுகல், இங்கிலாந்து எல்லாம் கனவே காணக்கூடாதா? காணலாம், வரிசையாகக் காண வேண்டும். இந்திய அணியின் நட்சத்திரம் சுனில் சேத்ரி 2009-இல் இங்கிலாந்தின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கிளப்போடு பேசி முடித்தும், இந்திய அணி தரவரிசையில் முதல் 70-க்குள் இல்லை என்று வேலை அனுமதி மறுக்கப்பட்டது. அதன் பிறகுதான் அமெரிக்காவுக்கும், 2012-இல் போர்ச்சுகலில் ஸ்போர்ட்டிங் கிளப்பின் இரண்டாம் அணிக்கும் போனார். கோல்கீப்பர் குர்ப்ரீத் சிங் சந்து 2014-இல் நார்வே போனபோது கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கிளப்பில் ஆடியவர். உங்கள் கரையிலேயே, இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி கிளப்புக்கு ஐ-லீக் என்ற தேசிய லீக்கில் ஆடி, பிறகு ஜாம்ஷெட்பூர், ஏ.டி.கே. கிளப்புகள் என்று நாட்டின் பெரிய லீக்கான ஐ.எஸ்.எல்.லுக்குப் போனார். இவர்கள் எல்லோருக்கும் எந்த ஆண்டு எந்த கிளப்பில் ஆடினார்கள் என்று எழுத்தில் காட்ட ஆதாரம் இருந்தது.

உங்கள் மகனுக்கு அது இருக்கிறதா? இதைத்தான் நான் முதலில் கேட்டிருப்பேன். அகில இந்திய கால்பந்துச் சம்மேளனத்தின் சி.ஆர்.எஸ். என்ற கணினிப் பதிவில் அவன் பெயர் இருக்க வேண்டும். 12 வயதிலிருந்து எந்தெந்த கிளப்பில் ஆடினான் என்பதற்கு அதுதான் சாட்சி. நாளை அவன் தொழில்முறை வீரனாகி வேறு நாட்டுக்குப் போனால், வளர்த்த கிளப்புகளுக்குச் சேரவேண்டிய பயிற்சி இழப்பீட்டையும் அதை வைத்தே கணக்கிடுவார்கள். செவன்ஸில் நூறு கோல் அடித்தாலும் அந்தப் பதிவில் ஒரு வரி ஏறாது; செவன்ஸ் என்பது சம்மேளனத்தின் கணக்கிலேயே வராத ஆட்டம். அங்கே ஆடும் ஆப்பிரிக்க இளைஞர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களிலும் சிலர் பெரிய கிளப்பில் சேர்த்துவிடுகிறோம் என்ற பேச்சை நம்பிக் காசு கட்டி இந்தியா வந்தவர்கள்தான்.

நீரோடியிலிருந்து இரயுமன்துறை வரை சாயங்காலம் போனால் பந்து உருளாத கரை உண்டா? இத்தனை பிள்ளைகள் ஆடும் இடத்தில், பதிவு என்றால் என்ன என்று சொல்லிக் கொடுக்க ஒரு சங்கத்துக்கும் நேரமில்லை. சங்கங்களுக்குத் தேர்தலும் வழக்கும் தீரவே தீராது. ஐ.எஸ்.எல். நடக்குமா நடக்காதா என்று 2025-இல் மாதக்கணக்கில் நாட்டையே காக்க வைத்தார்கள். மேலே அந்த லட்சணம் என்றால், மீனவர் வீட்டுப் பையனின் படிவத்தை யார் நிரப்புவது? அந்த வெற்றிடத்தில்தான் ஏஜென்ட் நாற்காலி போட்டு உட்கார்கிறார். கோபமாகத்தான் எழுதுகிறேன். ஒரு மணி நேரக் கூட்டம் போட்டுச் சொல்லவேண்டிய விஷயம் இது, ஒரு தாய் நகையை எடுத்து வைத்துக்கொண்டு பத்திரிகைக்குக் கடிதம் எழுதிக் கேட்கவேண்டிய விஷயம் அல்ல.

இந்த வாரம் செய்யவேண்டியது: ஊர் கிளப் செயலாளரிடம், கிளப் மாவட்டக் கால்பந்துச் சங்கத்தில் இணைந்ததா, மகனுக்கு சி.ஆர்.எஸ். எண் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் பதிவுள்ள கிளப்பிலோ அகாடமியிலோ சேருங்கள். எல்லை தாண்டித் திருவனந்தபுரம் பக்கம் போனாலும் சரி. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதித் தேர்வு எப்போது என்று நாகர்கோவில் அண்ணா ஸ்டேடியத்தில் விசாரியுங்கள். பிளஸ் ஒன் கட்டாயம் சேருங்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரிக்கும் பல வேலைகளுக்கும் பிளஸ் டூ சான்றிதழ் வேண்டும்.

ஏஜென்ட் மறுபடி வந்தால் உரிம எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஏதாவது கொடுத்திருந்தால், வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல், கடித நகல், பணம் போன கணக்கின் விவரத்தோடு மாவட்ட எஸ்.பி. அலுவலகத்தில் புகார் கொடுங்கள். குடிபெயர்வுச் சட்ட வழக்குக்கு மத்திய அரசின் அனுமதி வேண்டும் என்று அங்கே சிலர் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். அதே சட்டத்தின் 27-ஆவது பிரிவு, வெளிநாடு போக இருந்தவரோ அவருடைய பெற்றோரோ புகார் கொடுத்தால் அந்த அனுமதி தேவையில்லை என்கிறது. அந்தப் பிரிவு எண்ணைப் புகாரிலேயே எழுதிக் கொடுங்கள், ரசீது வாங்காமல் வராதீர்கள்.